இசக்கிமுத்து அண்ணாச்சி தூக்கிய கை

செய்தி ஒரு படமாக வந்தது. அன்று ராதாபுரம் பக்கம் ஒரு பனங்காட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு நிலம் அளந்துகொண்டிருந்தேன். நில அளவைத் துறையில் இருப்பவன் பிழைப்பு அது. யார் வீட்டுச் சண்டை என்றாலும் நடுவில் போய் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்க வேண்டும். "அந்தப் பனை எங்க தாத்தா நட்டது" என்கிறார் அண்ணன். தம்பியும் அதையே சொல்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே தாத்தா. வெயில் மண்டையைப் பிளக்கிறது. சட்டைப் பைக்குள் கைபேசி விடாமல் அதிர, எரிச்சலோடு எடுத்துப் பார்த்தேன். நம் காலை வாலிபால் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. அதில் நான் முதலில் பார்த்தது என் விரல்களைத்தான்.

நீலச் சட்டை போட்ட ஒரு தோளின் மேல் நான்கு விரல்கள். ஆள்காட்டி விரலின் நகம் கோணல். அந்தக் கோணல் நகம் ஊரிலேயே எனக்கு மட்டும்தான். என் விரல் எதற்கு இங்கே வந்தது என்று யோசித்துக்கொண்டே மேலே பார்த்தேன். தோளுக்கு மேல் இசக்கிமுத்து அண்ணாச்சியின் முகம். முகத்துக்கு மேல் 'கண்ணீர் அஞ்சலி' என்று சிவப்பு எழுத்து. எழுத்து புரிந்தது, விஷயம் புரியவில்லை. அதற்கு முந்தின நாள் காலையில்தான் அவரோடு ஆடியிருந்தேன்.

ரஹ்மத்தைக் கூப்பிட்டேன். மேலப்பாளையத்துக்காரன், துபாயில் பதினொரு வருடம் இருந்துவிட்டு வந்து இப்போது கைபேசிக் கடை வைத்திருக்கிறான். நம் குழுவில் ஃபிளெக்ஸ் அடிப்பது, சட்டை தைக்கக் கொடுப்பது எல்லாம் அவன் பொறுப்பு.

"காலையில கடை தொறக்கப் போயிருக்காரு வே. ஷட்டரப் பாதி தூக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவே இல்ல, முடிஞ்சிட்டு" என்றான்.

"நேத்து ஆடுனாரே?"

"ஆடுனாரு. நேத்து நீரு அவர ஏசவும் செஞ்சீரு, சர்வீஸ வெளிய போட்டுட்டாருன்னு."

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "அந்தப் படத்துல என் கை எதுக்குலே?" என்றேன்.

"டீம் போட்டோவுல இருந்து வெட்டுனேன். உம்ம கைய மட்டும் எடுக்கத் தெரியல. எடுத்தா அவரு தோளும் சேந்து போயிருது" என்றான்.

அந்த ஃபிளெக்ஸ் நம் மைதானத்துக் கம்பி வேலியில் பதினாறு நாள் தொங்கியது. நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். இந்த ஞாயிறு அவர் நினைவாக நாம் ஆடப் போகிற ஆட்டத்துக்கு வருகிறவர்களிடம் கொடுக்க ஒரு தாள் அச்சடிக்க வேண்டும், அதில் அண்ணாச்சியைப் பற்றி நான் எழுத வேண்டும் என்றும் நீங்களே முடிவு செய்தீர்கள். "சீவலப்பேரி ஆட்டத்துல அண்ணாச்சி கை தூக்குன கதைய எழுதும் வே. அந்த மாதிரி நேர்மையான மனுசன் யாரு உண்டு?" என்று ரஹ்மத் சொன்னான். எழுத உட்கார்ந்தேன். நான்கு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கையை அவர் ஏன் தூக்கினார் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஏழு வருடம் அவகாசம் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இனி யாரிடம் கேட்பது?

புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அண்ணாச்சிக்குப் பாளையங்கோட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. ஆற்றுப் பாசனத்து ஊர்களில் இருந்து எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் எல்லாம் அவர் கடை வாசலில் வரிசையாகக் கிடக்கும். காலை ஐந்தே முக்காலுக்கு மைதானத்தில் இருப்பார். ஆள் உயரம் இல்லை, குதிக்கவும் வராது. ஆனால் அடிப்பவனுக்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பத்து விரலும் பந்தைத் தொடுகிற சத்தமே கேட்காது. நான் அடிப்பவன். இருபது வருடத்துக்கு மேல் நான் அடித்த பந்தெல்லாம் அவர் கொடுத்த பந்து.

நம் மைதானத்தில் நடுவர் கிடையாது. எதிராளி அடித்த பந்து தடுக்கப் போனவன் விரலில் உரசிவிட்டு வெளியே போனால், புள்ளி அடித்தவனுக்கு. உரசியவனே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். மறைத்தவன் மாட்டிக்கொண்டால் தண்டனை, ஒரு வாரம் அவன்தான் காலையில் முதல் ஆளாக வந்து சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அண்ணாச்சி. கோடு போடும் டப்பாவும் அவர் கொடுத்ததுதான். காயிலுக்குப் பூசும் வார்னிஷ் வந்த தகர டப்பா, அடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை. ஆட்டிக்கொண்டே நடந்தால் சுண்ணாம்புப் பொடி விழும். "பந்துக்கு வாய் கெடையாதுலே. அதுக்குப் பதிலா நாமதான் சொல்லணும்" என்பார். நான் மூன்று முறை மாட்டியிருக்கிறேன். சர்வேயர் போட்ட கோடு வடக்கே ஒரு சாண் கோணுகிறது என்று நீங்கள் எல்லாம் சிரித்ததும் மறக்கவில்லை.

ஆட்டம் ஆடுவதைவிட ஆட்டம் பார்ப்பதுதான் அவருக்குப் பெரிய சந்தோஷம் என்று நினைக்கிறேன். ஏரலில் ஒரு போட்டி நடக்கிறது என்று கேள்விப்பட்டால் போதும், மத்தியானமே கடையை அடைத்துவிட்டு என் பைக்கின் பின்னால் ஏறிக்கொள்வார். அங்கே போனால் எல்லாரும் நடுவில், வலைக்கு நேராக இடம் பிடிப்பார்கள். இவர் மட்டும் கோடிக்குப் போய், பின்கோட்டை ஒட்டி மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். "அடிக்கவன எல்லாவனும் பாப்பான். எடுக்கவனப் பாருலே" என்பார். சரி, பார்த்துத் தொலைப்போம் என்று நானும் உட்காருவேன். அதோடு விட்டாரா? இரண்டு பக்கத்துக்கும் கை தட்டுவார். இந்தப் பக்கம் ஒருவன் விழுந்து எடுத்தால் "ஆகா!" அந்தப் பக்கம் ஒருவன் எடுத்தால் அதற்கும் "ஆகா!" ஒருமுறை உள்ளூர் இளவட்டங்கள் நான்கு பேர் வந்து, "வே, நீரு எந்த ஊரு? எந்த டீமு?" என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டுவிட்டார்கள். நான் எழுந்து சண்டைக்கு நின்றேன். இவர் உட்கார்ந்தபடியே, "எனக்கு டீம் இல்ல தம்பி. அந்தா அந்தப் பந்து வருது, கொஞ்சம் விலகும், மறைக்குது" என்றார். அவர்கள் உண்மையிலேயே விலகினார்கள்.

வரும் வழியெல்லாம் அவரை நான் ஏசிக்கொண்டே வந்தேன். எந்தப் பக்கமும் சேராமல் ஆட்டம் பார்ப்பதில் என்ன ருசி இருக்கிறது? உப்பில்லாத சோறு. அவர் பின்னால் உட்கார்ந்து, அன்றைக்கு விழுந்து விழுந்து எடுத்த ஏதோ ஒரு பொடியனின் கால் வைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். என் ஏச்சைக் கேட்டாரா என்றுகூடத் தெரியாது.

இனி சீவலப்பேரி. தள்ளிக்கொண்டே வந்தேன், இனி முடியாது.

ஏழு வருடத்துக்கு முந்தைய மாட்டுப் பொங்கல். சீவலப்பேரியில் பொங்கல் போட்டியின் இறுதி ஆட்டம், நமக்கும் உள்ளூர் அணிக்கும். அண்ணாச்சிக்கு அது மாமனார் ஊர். உள்ளூர் அணியின் கேப்டன் கணபதி, அண்ணாச்சி வீட்டம்மா, நம் மதினிக்குக் கூடப்பிறந்த தம்பி. ஆளுக்கு ஒரு செட் ஜெயித்திருந்தோம். கடைசிச் செட் பதினைந்து புள்ளிக்கு. நாம் பதினான்கு, அவர்கள் பதின்மூன்று. இன்னும் ஒரே புள்ளி. நான் அந்தப் போட்டிக்கு ஒன்பது வருடமாகப் போய் ஒன்பது வருடமும் தோற்றுத் திரும்பியவன். கணபதி எகிறி அடித்தான். முன் வரிசையில் அண்ணாச்சி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். பந்து அவர் கைக்கு மேலே போய், பின்கோட்டைத் தாண்டி, கூட்டத்தில் ஒரு அம்மாளின் மடியில் விழுந்தது. நடுவர் நமக்கு ஊதினார். நான் ரஹ்மத்தைத் தூக்கிச் சுற்றினேன். சுற்றிக்கொண்டிருக்கும்போதே சத்தம் அடங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சி வலது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். நடுவரைப் பார்த்து, "என் வெரல்ல பட்டுச்சு சார்" என்கிறார்.

பதினான்குக்குப் பதினான்கு. அடுத்த இரண்டு புள்ளியும் அவர்களுக்கு. இரண்டாவது புள்ளியில் நான் அடித்த பந்து வலையில் விழுந்தது. ஆத்திரத்தில் கண் தெரியவில்லை.

ஊர் முழுக்க அவருக்குக் கை தட்டியது. தோளில் துண்டு போட்டார்கள். நான் சட்டை மாற்றும் இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன். அன்று நான் சொன்னதை இங்கே எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். "மாமியா வீட்டுச் சோறு கண்ண மறைச்சிட்டோ? மச்சினனுக்கு விட்டுக் குடுக்கணும்னா நாங்க எதுக்கு? நீங்க மட்டும் பஸ் ஏறி வந்து பொங்கச் சீர் குடுத்துட்டுப் போயிருக்கலாமே?" என்றேன். ரஹ்மத் என் வாயைப் பொத்த வந்தான். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சட்டையப் போடுலே, பஸ் போயிரும்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு வருடம் நான் அவரோடு பேசவில்லை. மைதானத்துக்கும் வரவில்லை. ராதாபுரத்துக்கு மாற்றல் வந்தது என்று உங்களிடம் சொன்னேன், மாற்றல் வந்தது உண்மைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூடவா மாற்றல்? அந்த இரண்டு வருடத்தில் நீங்கள் அவர் கை தூக்கிய கதையை ஊர் ஊராகக் கொண்டுபோய்விட்டீர்கள். என் அலுவலகத்தில் ஒருவர் எனக்கே அந்தக் கதையைச் சொன்னார்.

பிறகு ஒரு தை மாதம், ஏரலில் போட்டி. தனியாகப் போனேன். கால் தானாக என்னைப் பின்கோட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தோளுக்குப் பின்னால் இருந்து ஒரு கை நீண்டது. கையில் அவித்த பனங்கிழங்கு, பாதி. திரும்பாமலே வாங்கிக்கொண்டேன். "நாரு கெடக்கு, உரிச்சிட்டுத் தின்னு" என்றது குரல். தின்றேன். மூன்றாவது செட்டில் யாரோ ஒருவன் பாய்ந்து எடுத்தபோது இரண்டு பேரும் சேர்ந்தே "ஆகா!" என்றோம். வரும்போது அவர் என் பைக்கில் ஏறிக்கொண்டார். மறுநாள் காலை மைதானத்துக்குப் போனேன். சீவலப்பேரியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் அவரைப் பெரிய மனிதர் என்று சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். புதிதாக வருகிற பையன்களிடம் அந்தக் கதையை உங்களைவிட அதிகமாக நான்தான் சொன்னேன்.

இப்போது பதினாறாம் நாள் விசேஷத்தன்று அண்ணாச்சி வீட்டு மாடியில் நடந்ததற்கு வருகிறேன். உங்களில் பாதிப் பேர் பந்தியில் இருந்தீர்கள். மாடியில் ரஹ்மத், கணபதி, நான் மூன்று பேர்தான். கணபதி தன் பழைய கைபேசியை எடுத்தான். "அத்தான் கை தூக்குனத அன்னைக்கு என் போன்ல எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் எடுத்திருந்தான். இத்தனை வருசமா இதுலயே கெடந்திருக்கு. நீங்க பாக்கணும்னு கொண்டாந்தேன்" என்றான். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம் என்று ரஹ்மத்துக்கு ஒரே சந்தோஷம். படத்தைப் பெரிதாக்கி, மெதுவாக ஓடவிட்டான்.

கணபதி எகிறுகிறான். அடிக்கிறான். அண்ணாச்சியின் விரல்கள் தெரிகின்றன. அவற்றுக்கு மேலே ஆகாயம் தெரிகிறது. ஆகாயத்துக்கு மேலே பந்து போகிறது.

ரஹ்மத் மறுபடி ஓடவிட்டான். ஐந்தாறு தடவை பார்த்திருப்போம். "என்ன வே இது? ஒரு சாண் மேல போவுது! படவே இல்லையே!" என்றான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"எங்களுக்காக விட்டுக் குடுத்தாருன்னு சொல்லாதீங்க அண்ணாச்சி" என்றான் கணபதி என்னைப் பார்த்து. அன்று நான் கத்தியது அவன் காதிலும் விழுந்திருக்கிறது. "அன்னைக்கு அக்கா பொங்கச் சோறு எடுத்து வச்சிட்டுக் காத்துக் கெடந்தா. அத்தான் வீட்டுக்குள்ள கால் வைக்காம பஸ் ஏறிட்டாரு. விட்டுக் குடுத்தவரு எதுக்கு அப்படிப் போணும்?"

அது நியாயம்தான். அப்படியானால் எதற்கு? வேண்டுமென்றே ஜெயிக்க வைத்துவிட்டு, ஜெயித்தவன் வீட்டில் சோறு தின்னாமல் போவானேன்? எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. காபி கொண்டுவந்த மதினி நின்று எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"அவுகளுக்கு எப்படித் தம்பி தெரியும்? வெரல்ல உணர்ச்சியே கெடையாதே" என்றார்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தோம்.

"சுகர் வந்தவுகளுக்கு அப்படி ஆகுமாம். சுடுசோத்துல கைய வச்சிட்டு அப்படியே இருப்பாக. நான்தான் புடிச்சு இழுப்பேன். காயில் கட்டும்போது கம்பி வெரலக் கிழிச்சிரும், ரெத்தத்தப் பாத்த பொறவுதான் தெரியும். ஒங்க யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாக. சொன்னா ஆட்டத்துல சேக்க மாட்டானுவன்னு."

சில வருடங்களாக அவர் பந்து தூக்கிக் கொடுப்பதை விட்டுவிட்டுப் பின் வரிசைக்குப் போய்விட்டதும், எல்லாப் பந்தையும் முன்னங்கையாலேயே எடுத்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வயதாகிவிட்டது என்றல்லவா நினைத்தோம்! விரல் மரத்தவருக்குப் பந்து உரசியதா இல்லையா என்று எப்படித் தெரியும்? தெரியாதபோது எதிராளிக்குக் கொடுத்துவிடுவது என்று வைத்திருந்தாரோ என்னவோ. அவர் குணத்துக்கு அது பொருந்துகிறது. ரஹ்மத் அழுதே விட்டான்.

நான் அழவில்லை. "எந்த வருசத்துல இருந்து மதினி?" என்று கேட்டேன்.

"மூத்தவ கல்யாணத்துல சட்டைப் பித்தானப் போட முடியாம நின்னாக. அப்பவே வந்துட்டோ... இல்ல, அன்னைக்குக் கண்ணாடிய மறந்துட்டாகளோ. நெனவில்லையே. இத எதுக்குத் தம்பி கேக்கிய?"

மூத்த மகள் கல்யாணம் அந்தப் பொங்கலுக்கு அடுத்த ஆவணியில். விரல் மரத்தது பொங்கலுக்கு முந்தியா பிந்தியா என்று மதினிக்குத் தெரியவில்லை. அந்த ஆட்டத்தில் அவர் தூக்கிக் கொடுத்த பந்துகளை நினைத்துப் பார்க்கிறேன். முதல் இரண்டு செட்டில் எல்லாம் பூப்போல வந்தன. மூன்றாவதில் இரண்டு தடவை பந்து கையில் தங்கிவிட்டது என்று நடுவர் ஊதினார். மரத்த விரலா, களைத்த விரலா? நாற்பது ஏக்கர் பனங்காட்டை அங்குல சுத்தமாக அளந்து கொடுக்கிற எனக்கு இதை அளக்க வழி தெரியவில்லை.

மதினி கேட்டதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை இங்கே சொல்கிறேன். நண்பர்களே, இதைச் சொல்லத்தான் நான்கு நாள் ஆயிற்று.

அந்தக் கடைசிச் செட்டில் இரண்டு அணியும் பன்னிரண்டில் நின்றபோது, கணபதி ஒரு பந்து அடித்தான். தடுக்க நான் குதித்தேன், பக்கத்தில் அண்ணாச்சி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பந்து வெளியே போனது. நடுவர் நமக்கு ஊதினார். அந்தப் பந்து என் விரலில் உரசியது. இந்தக் கோணல் நகத்து விரலில்தான். சந்தேகமே இல்லை, நகம் எரிந்தது. ஒன்பது வருடத் தோல்வி என் கையைக் கீழே பிடித்து வைத்துக்கொண்டது என்று அழகாகச் சொல்லிக்கொள்ளலாம். யாரும் பிடிக்கவில்லை. நானேதான் தூக்கவில்லை. அண்ணாச்சி என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன்.

அதற்குப் பிறகு மூன்றாவது பந்திலேயே அவர் கை தூக்கினார். ஒரு புள்ளி திரும்பிப் போனது.

நான் திருடியதைத்தான் அவர் திருப்பிக் கொடுத்தாரா? அப்படியானால் என்னைக் காட்டிக் கொடுக்காமல் தன் விரலில் பட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவருக்குத்தான் அதில் எத்தனை பெயர்! மச்சினனுக்கு விட்டுக் கொடுத்தவர் என்று என் வாயால் ஏச்சும் வாங்கினார். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் செத்திருப்பேன். அல்லது இதெல்லாம் என் கற்பனையா? விரல் மரத்த மனிதர், என்னைக் கவனிக்கவே இல்லாமல், தெரியாத ஒன்றுக்குக் கை தூக்கினார், அவ்வளவுதானா? விரல் மரத்திருந்தால் நான் தப்பித்தேன். மதினியிடம் வருடம் கேட்டது அதற்காகத்தான். செத்தவருக்கு எப்போது வியாதி வந்தது என்று பதினாறாம் நாள் அவர் பெண்சாதியிடம் கணக்குக் கேட்டவன் நான். சீ.

கணபதியிடம் இன்னொன்றும் கேட்டேன். "இதுக்கு முந்தின பாயின்ட்டெல்லாம் எடுத்திருக்கானா?" "இல்ல அண்ணாச்சி, போன்ல இடம் இல்லாம கடைசிப் பாயின்ட்ட மட்டும்தான் எடுத்திருக்கான்" என்றான். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வந்தது பிடிக்காமல்தான் இதை எழுதுகிறேன். மாடியில் இருந்து இறங்கும்போது கணபதியை ஓரமாகக் கூப்பிட்டு, பன்னிரண்டில் நடந்ததைச் சொன்னேன். அவன் யோசித்துப் பார்த்தான். "எந்தப் பாயின்ட்டு? எனக்கு ஞாபகமே இல்லையே" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

ஆகவே அண்ணாச்சியின் நேர்மையைப் பற்றி எழுது என்று நீங்கள் சொன்னதை என்னால் எழுத முடியவில்லை. படாத பந்துக்குப் பட்டது என்றார். அது பொய்யா, தெரியாமையா, என்மேல் இரக்கமா, என்மேல் கோபமா? ஒரு நாள் ஒன்று சரி என்று படுகிறது, மறுநாள் இன்னொன்று. எந்தப் பக்கமும் சேராமல் பின்கோட்டில் உட்கார்ந்து கை தட்டிய மனிதரை நான் எந்தப் பக்கத்தில் கொண்டு சேர்ப்பது? எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் இருந்தவரை கேட்கலாம் கேட்கலாம் என்று, பதிலுக்குப் பயந்தே, தள்ளிப்போட்டேன் என்பதுதான். இப்போது பயப்பட ஒன்றும் இல்லை, பதிலும் இல்லை. அவர் மீது எனக்குப் பாசம் உண்டு என்பதை அவரிடம் சொன்னதும் இல்லை. ஏசியது மட்டும் நிறைய.

ஃபிளெக்ஸை அவிழ்த்தபோது ரஹ்மத்திடம் கேட்டு நான் வாங்கிக்கொண்டேன். என் விரல் அவர் தோளில் இருப்பது எனக்கு அதில்தான் மிச்சம். கடையைக் காலி செய்யும்போது மதினி, "ஒங்க மைதானத்துச் சாமான் தம்பி" என்று வார்னிஷ் டப்பாவையும் என் கையில் கொடுத்தார். ஓட்டைகளை அண்ணாச்சி புதிதாக அடித்து வைத்திருக்கிறார், துரு இல்லை. இந்த இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன். யாரும் பங்குக்கு வராதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குச் சீவலப்பேரியில் இருந்து கணபதியின் ஆட்கள் வருகிறார்கள். ஐந்தே முக்காலுக்கு எல்லாரும் வந்துவிடுங்கள். நீங்கள் வரும்போது கோடு போட்டிருக்கும். கோணலாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் ஏழு நாளும் சுண்ணாம்பு நான்தான் போடுவேன், வேறு யாரும் டப்பாவைத் தொட வேண்டாம். சட்டம் அண்ணாச்சி போட்டது. பட்டது, நண்பர்களே. என் விரலில் பட்டது.